நெட்டப்பாக்கத்தை யார் கேட்டார்கள்?



நாட்டுக்கு நாடு செய்துகொள்ளும் உடன்படிக்கைகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், “அதெல்லாம் பெரிய இடத்து விவகாரம், அங்கே நியாயம் அநியாயம் பார்க்க முடியுமா?” என்று கேட்டுப் பேச்சை முடித்துவிடுவோர் நம்மிடையே பலர். தனி மனிதன் அடுத்தவன் நிலத்தை அபகரித்தால் அது குற்றம். அதையே அரசு செய்தால் இராசதந்திரம் என்பது அவர்களுடைய கணக்கு. இக்கணக்கு ஏற்கத்தக்கதன்று என்பதைப் பாப்பரசர் 23-ஆம் அருளப்பர், 1963 ஏப்ரல் 11-ஆம் நாள் வெளியிட்ட ‘பாச்செம் இன் தெரிஸ்’ என்னும் சுற்றுமடலில் தெளிவாக எடுத்துரைத்தார். மனிதர்க்கிடையேயுள்ள உறவை எந்த ஒழுக்கநெறி ஆள்கிறதோ, அதே நெறிதான் அரசுகளுக்கிடையேயுள்ள உறவையும் ஆள வேண்டும் என்பது அம்மடலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. அரசை நடத்துவோரும் மனிதர்களே. பதவியில் அமர்ந்த அளவில் மனச்சான்றைக் கழற்றி வைத்துவிட அவர்களுக்கு உரிமை கிடையாது.

கொள்கை அளவில் இதை மறுப்பார் அரியர். நடைமுறையில் இதை எப்படிப் பொருத்திப் பார்ப்பது என்பதே சிக்கல். அதற்காக நாம் நியூயார்க்குக்கோ செனீவாவுக்கோ பயணப்பட வேண்டியதில்லை. புதுச்சேரியின் தென்மேற்கே, கரும்பும் நெல்லும் விளையும் நெட்டப்பாக்கம் நமக்குப் போதும். பாரதம் விடுதலை பெற்று ஆறரை ஆண்டுகள் கழிந்த பின்னர், இரண்டு பெரிய அரசுகளின் வழக்கு ஒன்று இவ்வூர்க் காவல் நிலையத்தின் கொடிக்கம்பத்தில் வந்து நின்றது.

புதுச்சேரிப் பகுதி ஒரே நிலப்பரப்பன்று. பல துண்டுகளாகச் சிதறிக் கிடப்பது. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் பதினெட்டாம் நூற்றாண்டில் போரிட்டும் பேரம் பேசியும் விட்டுச் சென்ற எல்லைகள் அவை. நெட்டப்பாக்கம் கொம்யூனின் நிலங்கள் அந்நாளைய தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்களோடு பின்னிப் பிணைந்தவை. பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும், அறுவடைக்கு ஆள் வருவதும் எல்லையைப் பாராமலே நடந்துவந்தன. அரசுகளுக்குத்தான் எல்லை, குடியானவனுக்கு வரப்பு.

இந்த வரப்பில் திடீரென்று வேலி முளைத்தது. 1941 முதல் பிரெஞ்சிந்தியாவுக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்குமிடையே சுங்க ஒன்றிய உடன்படிக்கை ஒன்று நடப்பிலிருந்தது. 1949-இல் இந்திய அரசு அதை முடிவுக்குக் கொண்டுவந்தது. அதன் பின் புதுச்சேரியைச் சுற்றிச் சுங்கச் சாவடிகள் எழுந்தன. பொருள்களுக்குத் தடை வந்தது. 1954-இல் கெடுபிடி மேலும் இறுகி, மனிதர் வந்து போவதற்கே அனுமதிச் சீட்டு வேண்டியதாயிற்று. பிரெஞ்சு அரசைப் பேச்சுவார்த்தைக்கு வரவழைக்க இது ஒரு நெருக்குதல். படைகளை அனுப்பாமல், துப்பாக்கி வெடிக்காமல் காரியத்தைச் சாதிக்கும் வழி என்று அந்நாளில் இது போற்றப்பட்டது. அப்பாராட்டில் உண்மை உண்டு. 1961 டிசம்பரில் கோவாவில் படைகளின் துணைகொண்டே முடிந்த காரியம், புதுச்சேரியில் படையின்றி முடிந்தது என்பது எளிய செய்தியன்று.

ஆனால் படையெடுக்கவில்லை என்பதாலேயே ஒரு செயல் குற்றமற்றதாகிவிடாது. போரைப் பற்றி அக்குவினாஸ் தோமையார் வகுத்த மூன்று நிபந்தனைகளைப் பலரும் அறிவர்: போர் தொடுப்பவர்க்கு அதற்குரிய அதிகாரம் இருக்க வேண்டும், காரணம் நேர்மையானதாயிருக்க வேண்டும், உள்நோக்கம் தூயதாயிருக்க வேண்டும். இவற்றோடு, தாக்குதல் யார்மீது விழுகிறது என்னும் கேள்வியைப் பின்வந்த அறநூலார் வற்புறுத்திச் சேர்த்தனர். முற்றுகைக்கும் இக்கேள்விகளே பொருந்தும். புதுச்சேரியில் காரணம் நேர்மையானது. அடிமைத்தளை எங்கிருந்தாலும் அறுபட வேண்டியதே. ஆயினும் சுங்க வேலியின் சுமையை யார் தாங்கினார்? மாளிகையில் வாழ்ந்த ஆளுநர் அல்லர். வேலிக்கு இப்புறம் வீடும் அப்புறம் உறவும் வைத்திருந்த குடியானவரும், அன்றாடம் வாங்கிச் சமைத்த கூலிக்காரருமே தாங்கினர். இதைச் சொன்னால் விடுதலையைக் குறைகூறுவதாகச் சிலர் நினைக்கக்கூடும். அப்படியன்று. விலை கொடுத்து வாங்கிய பொருளின் விலையை மறைக்காமல் எழுதி வைப்பதும் நேர்மையின் பாற்பட்டதே.

இது பழங்கதை என்று ஒதுக்கவும் இயலாது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது ஐ.நா. பாதுகாப்பு அவை அந்நாட்டின்மீது பொருளாதாரத் தடை விதித்தது. தடையின் காரணம் நேர்மையானதே. ஆனால் அத்தடை 2003 வரை நீடித்தது. எண்ணெய் விற்று உணவும் மருந்தும் வாங்கிக்கொள்ள இடமளித்த திட்டம் 1996-இன் இறுதியில்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் சதாம் உசேனின் அரண்மனையில் அடுப்பு அணைந்ததாக யாரும் சொல்லவில்லை. பாக்தாதில் ஐ.நா.வின் மனிதநேயப் பணிகளுக்குப் பொறுப்பேற்றிருந்த டெனிஸ் ஹாலிடே என்னும் அயர்லாந்துக்காரர், இத்தடை எளிய மக்களை வதைக்கிறது என்று கூறி 1998-இல் பதவியைத் துறந்தார். பதவியிலிருக்கும்போதே மனச்சான்றைக் கழற்றி வைக்காதவர்களும் உண்டு என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறோம்.

நெட்டப்பாக்கத்துக்குத் திரும்புவோம்.

1954 மார்ச்சு 18-ஆம் நாள், புதுச்சேரியிலும் சுற்றியுள்ள கொம்யூன்களிலும் இருந்த மேயர்களும் அமைச்சர்களும், பொதுவாக்கெடுப்பு இன்றியே இந்தியாவுடன் இணைய வேண்டும் என்று தீர்மானம் செய்தனர். அம்மாத இறுதியில் எதுவார் குபேர் தம் ஆதரவாளர்களுடன் நெட்டப்பாக்கம் வந்து மூவண்ணக்கொடியை ஏற்றி, தற்காலிக அரசு ஒன்றை நிறுவினார். பிரெஞ்சு அதிகாரம் முற்றாக நீங்கிய முதல் கொம்யூன் என்று இவ்வூர் பெயர் பெற்றது. நகரிலிருந்து விலகி, இந்திய எல்லையை ஒட்டி இருந்ததே அவர் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமாதல் வேண்டும்.

இந்தக் குபேர் யார்? புதுச்சேரியில் ‘குபேர் அங்காடி’யில் மீனும் காய்கறியும் வாங்கும் இல்லத்தரசியர் பலருக்கு இவர் பெயர் தெரியும், வரலாறு தெரியாது. பிரெஞ்சிந்திய சோசலிஸ்டுக் கட்சியின் தலைவர். பாரிசு தேசிய அவையில் உறுப்பினராயிருந்தவர். 1954-க்கு முன்புவரை பிரெஞ்சு ஆட்சியின் தூண்களுள் ஒருவர். இணைப்புக்காகச் சிறை சென்றவர்களும் அடிபட்டவர்களும் வேறு. 1936 சூலை 30-ஆம் நாள் சவானா ஆலையில் 12 தொழிலாளர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானபோதும், அதன்பின் வ. சுப்பையாவும் அவர் தோழர்களும் ஆண்டுக்கணக்கில் அலைக்கழிக்கப்பட்டபோதும், இவர் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. காற்று திரும்பியதை அறிந்து படகைத் திருப்பினார் என்றே அந்நாளில் பலரும் பேசினர். உள்நோக்கம் தூயதாயிருக்க வேண்டும் என்னும் மூன்றாம் நிபந்தனை இங்கே இடறுகிறது.

இவ்விடத்தில் நாம் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவருடைய உள்நோக்கம் மாசுபட்டதாயினும் அவர் செய்த செயலால் விளைந்த நன்மை நன்மையே. மக்கள் அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்நன்மையைக் காட்டி அவரைத் தூயவராக்கவும் வேண்டியதில்லை. 1963 சூலையில் அவரே புதுச்சேரியின் முதல் முதலமைச்சரானார். அரசியல் அறத்தில் இத்தகைய கலப்படங்கள் ஏராளம். கலப்படத்தைக் கலப்படம் என்று கூறும் துணிவிருந்தால் போதும்.

இனி, தலைப்பில் உள்ள வினாவுக்கு வருவோம். நெட்டப்பாக்கத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்ணை, “அம்மா, உனக்கு எந்த நாடு வேண்டும்?” என்று யாரேனும் கேட்டார்களா?

கேட்டிருக்க வேண்டும் என்பது பிரான்சின் சட்டம். மக்களின் இசைவின்றி எந்த நிலப்பகுதியையும் விட்டுக்கொடுப்பது செல்லாது என்று 1946-ஆம் ஆண்டுப் பிரெஞ்சு அரசியலமைப்பின் 27-ஆம் விதி கூறியது. 1948-இல் இரு அரசுகளும் வாக்கெடுப்புக்கு உடன்பட்டன. அதன்படி வங்கத்தில் உள்ள சந்திரநாகூரில் 1949 சூனில் மக்கள் ஒவ்வொருவராக வாக்களித்தனர்; இணைப்புக்கு ஏழாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள், எதிராக 114. ஆனால் புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய நான்கிலும் அவ்வாக்கெடுப்பு நடைபெறவே இல்லை. பிரெஞ்சு நிருவாகத்தின் கீழ், குபேர் கட்சியினரின் கெடுபிடிக்கு நடுவே நடக்கும் வாக்கெடுப்பில் மக்கள் அச்சமின்றி வாக்களிக்க முடியாது என்பது இந்தியாவின் வாதம். அதில் நியாயம் இருந்தது.

பின்னர் நடந்தது என்ன? 1954 மே 7-ஆம் நாள் வியட்நாமில் தியென் பியென் பூ கோட்டை வீழ்ந்தது. பிரான்சில் மெந்தேசு பிரான்சு பிரதமரானார். தொலைதூரக் குடியேற்றங்களைக் காக்கும் ஆசை பாரிசில் தணிந்தது. 1954 அக்டோபர் 18-ஆம் நாள் வில்லியனூரை அடுத்த கீழூரில், பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் கூடி வாக்களித்தனர். இணைப்புக்கு 170, எதிராக 8. மூன்று நாள் கழித்துப் புதுதில்லியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது.

மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களின் சார்பில் 178 பேர். அவர்களும் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்? முறைகேடுகள் நிறைந்தவை என்று அக்காலத்திலேயே குற்றஞ்சாட்டப்பட்ட தேர்தல்களில் வென்றவர்கள். அத்தேர்தல்களை நம்ப இயலாது என்று கூறி வாக்கெடுப்பை ஏற்க மறுத்த அரசே, அவற்றில் வென்றவர்களின் வாக்கை மக்களின் இசைவாக ஏற்றுக்கொண்டது. பிரான்சும் தன் அரசியலமைப்பின் கட்டளையை இவ்வளவில் நிறைவேற்றியதாக மனநிறைவு கொண்டது. முடிவு சரியானதே, மக்களைத் தனித்தனியே கேட்டிருந்தாலும் சந்திரநாகூரைப் போலவே விடை வந்திருக்கும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், ‘கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்’ என்பது கேட்டதற்கு ஈடாகாது. மகள் மறுக்கமாட்டாள் என்று தெரிந்தாலும், திருமணத்துக்குமுன் அவளிடம் இசைவு கேட்பதுதானே முறை?

எனினும், இந்த வரலாற்றில் போற்றத்தக்க ஒரு பகுதி உண்டு. பலரும் அதைக் கவனிப்பதில்லை. 1956 மே 28-ஆம் நாள் நேருவும் பிரெஞ்சுத் தூதர் ஆஸ்ட்ரோராக்கும் கையெழுத்திட்ட ஒப்படைப்பு உடன்படிக்கை, மண்ணோடு மனிதரையும் மூட்டை கட்டி ஒப்படைத்துவிடவில்லை. இப்பகுதியில் பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிகள் இந்தியக் குடிகளாவர். ஆனால் விரும்புவோர் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் அறிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று அது இடமளித்தது. சைகோன் முதலிய வெளியிடங்களில் வாழ்ந்தவர்கள் பிரெஞ்சுக் குடிகளாகவே தொடர்வர். அவர்களும் விரும்பினால் இந்தியாவைத் தெரிந்துகொள்ளலாம். அல்சீரியப் போரில் சிக்கியிருந்த பிரான்சு, அப்போர் ஓயும்வரை இதற்கு ஒப்புதல் அளிக்காமல் காலம் கடத்தியது. 1962 சூலையில்தான் பாரிசு பாராளுமன்றம் இசைந்தது. ஆகஸ்ட் 16-ஆம் நாள் சட்டபூர்வப் பரிமாற்றம் நிறைவுற்றது. இடைப்பட்ட ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் நெட்டப்பாக்கத்துக் குடிமகன், இந்திய ஆட்சியின் கீழ் வாழ்ந்த பிரெஞ்சுப் பிரசையாக இருந்தான்!

ஏறத்தாழ ஐயாயிரம் பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிந்துகொண்டனர். பிரெஞ்சு அதிபர் தேர்தலின்போது புதுச்சேரியில் வாக்குச்சாவடி அமைவதும், ‘சொல்தா’ என்று ஊரார் அழைக்கும் பழைய படைவீரர் குடும்பங்களுக்குப் பிரான்சிலிருந்து ஓய்வூதியம் வருவதும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே. அவர்களைத் துரோகிகள் என்று யாரும் ஊரைவிட்டு விரட்டவில்லை. இது நம் மக்களுக்குப் பெருமை தருவது.

ஆனால் இவ்வுரிமை எல்லார்க்கும் ஒரே அளவில் எட்டியதா? ‘எழுத்து மூலம்’ என்னும் இரண்டு சொற்களில் ஓர் ஏற்றத்தாழ்வு ஒளிந்திருக்கிறது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த நகரவாசிக்கும், படையில் பணியாற்றியவருக்கும் ஆறு மாதம் என்பது போதிய அவகாசம். எழுத்தறியாத பண்ணையாளுக்கு, தனக்கு இப்படியொரு தெரிவு இருப்பதே தெரிய வேண்டும். பிறகு அதன் பொருள் விளங்க வேண்டும். பிறகு எழுதித்தர ஆள் வேண்டும். பதில் சொல்ல இயலாத முறையில் கேள்வி கேட்பது பாதி கேட்பதேயாகும்.

பாதியேனும் கேட்டார்களே என்று ஆறுதல் கொள்ளும்படி, கடலுக்கு அப்பால் ஒரு நிகழ்ச்சி நடந்தது. புதுச்சேரிப் பரிமாற்றம் நிறைவுற்ற இரண்டே ஆண்டுகளில், 1964 அக்டோபர் 30-ஆம் நாள், சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர். இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையகத் தமிழர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. 1974-இல் அந்த எஞ்சியவர்களும் ஆளுக்கு 75,000 என்று பங்கிடப்பட்டனர். எழுவரை இந்தியா அழைத்துக்கொண்டால் நால்வருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்பது விகிதம். தேயிலையை நிறுத்துக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அம்மக்களின் தலைவர் தொண்டமான், தம்மையும் தம் மக்களையும் கலந்துகொள்ளாமலே இது செய்யப்பட்டது என்று முறையிட்டார். மனு செய்யும் வேளை வந்தபோது, இலங்கையிலேயே இருக்க விரும்பியோர் தொகை அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட மூன்று இலட்சத்தை மிஞ்சிவிட்டது. முன்னரே கேட்டிருந்தால் ஒப்பந்தம் வேறு விதமாக அமைந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? தில்லிக்கு அண்டை நாட்டின் நட்பு தேவைப்பட்டது; கொழும்புக்குத் தொகை குறைய வேண்டியிருந்தது. ஒரே லயன் வீட்டில் பிறந்து, ஒரே மலையில் கொழுந்து பறித்த உடன்பிறந்தோர் இரு நாட்டுக் குடிகளாகப் பிரிந்து, ஒருவர் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார். 1984-இல் கப்பல் போக்குவரத்து நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே தோட்டங்களில் தங்கிவிட்டவர்கள் இருந்தனர். எஞ்சியோர்க்கு இலங்கைப் பாராளுமன்றம் குடியுரிமை வழங்கியது 2003-இல்.

நேருவின் உடன்படிக்கையில் ஐயாயிரம் பேருக்குக் கிடைத்த தெரிவு, சாஸ்திரியின் ஒப்பந்தத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேருக்கு ஏன் கிடைக்கவில்லை? சாஸ்திரி நேர்மைக்குப் பெயர் பெற்றவர். ஏழை வீட்டில் பிறந்தவர். ஆகவே தனி மனிதரின் நற்குணம் மட்டும் இதற்குப் போதாது என்பது தெளிவு. எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருந்த பிரான்சு, தன் குடிகளின் நிலையைப் பேசித் தீர்க்கும் வலிமையுடைய நாடு. தோட்டத் தொழிலாளிக்காகப் பேச மேசையின் இருபுறத்திலும் யாருமில்லை. இரு தரப்பும் அவனைத் தங்கள்மீது விழுந்த சுமையாகவே கருதின. இதுவே நம் கருத்துக்குப் புலப்படும் காரணம்.

இந்திய அரசு பின்னர் ஒருமுறை இதைச் சீராகவே செய்தது. வங்கதேச எல்லையில், நெட்டப்பாக்கத்தைப் போலவே அயல்நிலம் சூழ்ந்த திட்டுகள் பல இருந்தன. வங்கதேசத்துள் இந்தியத் திட்டுகள் 111, இந்தியாவுள் வங்கதேசத் திட்டுகள் 51. 1974-இல் இந்திரா காந்தியும் முஜிபுர் ரகுமானும் செய்த உடன்படிக்கை நாற்பத்தோர் ஆண்டுகள் தூங்கிய பின், 2015 சூலை 31-ஆம் நாள் நள்ளிரவில் அவை கைமாறின. அதற்குமுன் இரு நாட்டு அலுவலரும் வீடுவீடாகச் சென்று, எந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டுப் பதிந்தனர். அங்கிருந்து ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவானோர் இந்தியாவுக்கு வர விரும்பினர். இங்கிருந்து அங்கே போக ஒருவரும் விரும்பவில்லை. வீட்டு வாயிலில் வந்து கேட்பதற்குப் பெரிய அறநூல் எதுவும் தேவைப்படவில்லை பாருங்கள். பதிவேடும் பேனாவும் போதுமாயிருந்தன.

புதுச்சேரி உடன்படிக்கையின் இரண்டாம் விதி, இப்பகுதியின் தனிநிலையை மாற்றுவதாயின் மக்களின் விருப்பத்தை அறிந்த பின்னரே மாற்ற வேண்டும் என்று கூறுகிறது. 1979 சனவரியில் பிரதமர் மொரார்சி தேசாய், புதுச்சேரியை அண்டை மாநிலத்தோடு இணைக்கும் யோசனையை வெளியிட்டபோது இங்கே கிளர்ச்சி மூண்டது, யோசனை கைவிடப்பட்டது. உடன்படிக்கையின் ஏட்டில் உறங்கிய ஒரு வரியை மக்கள் தாங்களே எழுந்து நிறைவேற்றிக்கொண்டார்கள் எனலாம்.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 16-ஆம் நாள் கீழூர் நினைவுச் சின்னத்தில் கொடியேற்றுகிறார்கள். 178 பேர் வாக்களித்த செய்தி அங்கே நினைவுகூரப்படுகிறது. நெட்டப்பாக்கம், மடுகரை, ஏரிப்பாக்கம் பக்கத்து வீடுகளில், 1954-இல் இருபது வயதினராயிருந்தவர் எவரேனும் இன்னும் இருப்பாராயின் தொண்ணூறைக் கடந்திருப்பார். பேரப்பிள்ளைகள் பக்கத்தில் அமர்ந்து, “தாத்தா, அன்றைக்கு உங்களை யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?” என்று விசாரித்து, அவர் சொல்லும் விடையைப் பள்ளி ஏடு ஒன்றில் எழுதி வைத்தால் நன்று. எழுபது ஆண்டுகள் தாமதமாகவேனும் ஒருவர் கேட்டதாக இருக்கும்.